மூன்று ராசாக்கள் நடந்த திட்டு

எழுத்தில் பிழை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்தது தேயிலைக் கொழுந்துதான், பேனா இல்லை. ஞாபகமும் இப்போது முன்னைப் போல் கிடையாது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். மூன்று ராசாக்கள் திருநாளை எங்கள் வீடுகளில் எப்படிக் கொண்டாடுவோம் என்று மாதா கோயிலில் பேசச் சொன்னார்கள். கூட்டத்துக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்றேன். ஆனால் அந்தத் திருநாள் என்றாலே இப்போது எனக்குப் பயம்தான் முதலில் வருகிறது. அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

நாங்கள் இருந்தது நமுனுகுல பக்கம் ஒரு தோட்டத்தில். பசறைக்குப் போகிற பஸ் ரோட்டிலிருந்து மேலே ஏற வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் என் வீடு கடைசிக்கு முந்தினது. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் ஒரு பக்கத்தை மறைத்து அடுப்பு, உள்ளே ஒரே ஒரு அறை, காம்பரா என்போம். காம்பராவின் பின்சுவருக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற கான். அதற்கு அந்தப் பக்கம் மண் மேடு, நிமிர்ந்து பார்த்தால்தான் அதன் தலை தெரியும். அதற்கு மேலே தேயிலை.

காம்பராவுக்குள் பின்சுவரை ஒட்டி ஒரு சாண் அகலத்தில் சிமெண்டுத் திட்டு ஒன்று உண்டு. மற்ற நாளில் பானை சட்டி வைப்போம். கிறிஸ்மஸுக்கு அதைக் கழுவி, ஒரு கோடியில் பாலன் குடில் கட்டுவோம். மானாப்புல் வெட்டி வந்து கூரை போடுவோம், மேட்டில் இருக்கிற பாசியைச் சுரண்டி வந்து தரை போடுவோம். பாலன் இயேசு, மாதா, சூசையப்பர், மாடு என்று சின்னப் பொம்மைகள் எல்லாம் குடிலுக்குள். ராசாக்கள் மூன்று பேரும் மட்டும் திட்டின் அடுத்த கோடியில்.

மற்ற வீடுகளில் ராசாக்களையும் முதல் நாளே குடிலுக்குள் வைத்துவிடுவார்கள். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்காது. நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்கள் பிள்ளை பிறந்த அன்றைக்கே எப்படி வந்து நிற்பார்கள் என்று கேட்பார்கள். அதனால் தினம் காலையில் பரலோக மந்திரம் சொல்லிவிட்டு ராசாக்களைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்போம். ஜனவரியில் வருகிற திருநாள் அன்று குடிலுக்கு வந்து சேருவார்கள். அன்றைக்குப் பால்சோறு ஆக்கி, முதல் தட்டை நம் வேதத்தில் இல்லாத ஒரு வீட்டுக்குக் கொடுப்போம். ராசாக்கள் வேறு சாதி சனம், வேறு தேசம், அவர்களுக்கும் ஆண்டவர் தன்னைக் காட்டினார் என்பதுதான் அந்தத் திருநாள். ஃபாதர் வந்து மந்திரித்த சோக்குக் கட்டியால் வாசல் நிலைக்கு மேலே வருசத்தையும் ராசாக்கள் பெயரின் முதல் எழுத்துகளையும் எழுதுவார். அதுவரைக்கும் குடிலைக் கலைக்கக் கூடாது, கை வைக்கக் கூடாது.

நான் சொல்ல வந்த வருசம் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் முந்தி பெண்பிள்ளை பிறந்தது. மருமகனுக்குக் கொழும்பில் வேலை, பார்த்துவிட்டுப் போய்விட்டார். சம்பந்தி வீடு பண்டாரவளை டவுனில். சம்பந்தியம்மா தினமும் போன் எடுப்பார்கள்.

"எங்க புள்ளைய அந்த லயத்து ஈரத்துல போட்டுராதீங்க சம்பந்தி. இங்க ரோட்டுப் பக்கம், ஆஸ்பத்திரிப் பக்கம். நீங்கதான் மொறை மொறைன்னு கூட்டிட்டுப் போனீங்க."

"இல்லைங்க சம்பந்தி, சூடாத்தான் வச்சிருக்கேன்," என்பேன். ராசாக்கள் திருநாள் ஞாயிறு அன்று வந்து பிள்ளையைப் பார்க்கிறோம் என்றார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் வரக் கூடாது என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகளும் பிள்ளையும் படுத்த கட்டில் அந்தத் திட்டுக்கு முன்னால்தான் கிடந்தது. வேறு இடமில்லை.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் ராசாக்களை நகர்த்தும்போது பார்த்தேன், திட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோடு. தீக்குச்சி நுழையும். சிமெண்டு காய்ந்து விட்டது என்று நினைத்தேன். மழை விடவில்லை. இரண்டு நாள் கழித்து அதில் என் சுண்டுவிரல் போனது. மூன்று ராசாக்களில் குள்ளமானவர் அதற்கு எதிரே நின்றார்.

மகளிடம் சொல்லவில்லை. குடில் கட்டி மிச்சமிருந்த மானாப்புல்லை எடுத்து திட்டு நீளத்துக்கும் அந்தக் கோட்டின் மேலே பரப்பினேன்.

"என்னாம்மா இது புதுசா?" என்றாள் மகள்.

"ராசாமாருக்குப் பாதை."

"அழகா இருக்கும்மா," என்றாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். வெடிப்பு என்று சொன்னால், மண் சரியும் என்று அன்றைக்கே லயத்தைக் காலி பண்ணச் சொல்லுவார்கள், பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் போட்டு இருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. பச்சைப் பிள்ளையையும் பிள்ளை பெற்றவளையும் அந்தச் சிமெண்டுத் தரையில் போட்டு, சம்பந்தியம்மா அங்கே வந்து நின்றால் நான் என்ன பதில் சொல்வேன்? மண்ணை விட எனக்கு அந்த அம்மாவின் வாய்க்குப் பயம். திருநாள் முடியட்டும், அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு சொல்லலாம். இப்படித்தான் நினைத்தேன்.

அந்த வாரமே கிராம சேவகர் ஐயா வந்தார். மண்சரிவு பார்க்கிற அரசாங்கக் கந்தோர் ஆள் ஒருவரும் கூட வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

"அம்மா, சுவர்ல, தரையில வெடிப்பு ஏதும் இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"உள்ள பாக்கலாமா?"

"புள்ளை பெத்தவ படுத்திருக்காங்க ஐயா."

அவர் உடனே ஒரு அடி பின்னால் போய்விட்டார். "சரி சரி, வேணாம் அம்மா. ஏதும் கண்டா உடனே சொல்லுங்க, ஒளிக்க வேணாம்," என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பக்கத்து வீடு கடைசி வீடு. அங்கே இருந்தவள் என்னை விட இளையவள், அம்மன் கோவிலில் தீ மிதிக்கிற குடும்பம், ஆனால் எங்கள் பால்சோறு முதல் தட்டு வருசா வருசம் அவளுக்குத்தான். சத்தமாகச் சிரிக்கிறவள். அவள் சொன்னது எனக்குக் கேட்டது.

"அக்கா வீட்டுல இல்லன்னா எங்க வீட்டுல எங்கிட்டு ஐயா வரும்? ஒரே சொவருதானே. வெடிப்பு வேணும்னா எம்புருசன் மண்டையைப் பாருங்க, அங்கதான் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர்கள் அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். பின்சுவர் ஓரம் கூரை வரைக்கும் விறகு அடுக்கி வைத்திருந்தாள். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ராசாக்களை நகர்த்துகிற நேரம்தான் எனக்குப் பயங்கரம். அவர்களைத் தூக்கி, புல்லை விலக்கி, விரலை வைத்துப் பார்ப்பேன். ஒரு விரல், ஒன்றரை விரல். முழுசாகச் சொல்லி முடிக்காமல் மந்திரம் பாதியில் நின்றுவிடும். பகலில் சோறு வடிக்கும்போதும் காது பின்சுவரில்தான் இருக்கும். பிள்ளை தும்மினால்கூடத் திடுக்கிடுவேன்.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை காலை. மகள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் குள்ள ராசாவை எடுத்து முன்னால் வைத்தேன். புல் உள்ளே வாங்கியது. அவர் சரிந்து அந்த இடுக்கில் விழுந்துவிட்டார். விழுந்த சத்தம் உடனே வரவில்லை. கொஞ்சம் கழித்துத்தான், எங்கோ கீழே, டொக் என்றது. கையை விட்டேன். முழங்கை வரைக்கும் போனது. ராசா கையில் படவில்லை. குளிர்ந்த காற்று விரலில் பட்டது. உள்ளுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

கையை எடுத்துக் கொண்டேன். புல்லைச் சரி பண்ணினேன்.

"மூணாவது ராசா எங்கம்மா?" என்று மகள் கேட்டாள்.

"நாளைக்கு வருவாரு," என்றேன்.

இன்னும் ஒரு நாள்தானே, மாதாவே, ஒரு நாள் தாங்கிக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். மாதாவிடம் சுவரைத் தாங்கச் சொன்ன பெண்பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் ஃபாதர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று தோட்டத்தில் பூசை என்பதால் முதல் நாளே வீடு மந்திரிக்க வந்துவிட்டார். எங்கள் லயத்தில் வேதக்கார வீடு நாலுதான். என் வாசலில் முக்காலி போட்டு ஏறி, நிலைக்கு மேலே எழுதினார். பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னா சாமி, எங்க அக்கா வீட்டுக் கதவுல கணக்குப் போடுறீங்க?"

"கணக்கு இல்லம்மா. ராசாக்கள் பேரு. இந்த வீட்டை ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்னு அர்த்தமும் இருக்கு."

"ஏன் சாமி, அந்த ஊருல படிச்ச ஆளுக ஒருத்தரும் இல்லியா? எங்கேயோ இருக்குறவங்கதான் தேடிக்கிட்டு வரணுமா?"

ஃபாதர் சிரித்தார். "இருந்தாங்கம்மா. நெறயப் பேரு. பாலன் எங்க பொறப்பாருன்னு அந்தத் தேசத்து ராசா கேட்டப்ப ஏட்டைப் பாத்து ஊர் பேரைச் சரியாச் சொன்னாங்க. பக்கத்துலதான் அந்த ஊரு. சொல்லிப்புட்டு அவங்கவங்க எடத்துலயே இருந்துட்டாங்க. ஒருத்தரும் எந்திரிச்சிப் போகல."

"அடப்பாவமே. தெரிஞ்சே ஒக்காந்துருந்தாங்களா?" என்றாள் அவள்.

அவர் எனக்காகச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றும் தெரியாது. அறுபது வருசமாக இந்த வாசகத்தைக் கோயிலில் கேட்கிறேன். எப்போதும் ராசாக்களைத்தான் நினைப்பேன், நட்சத்திரத்தைத்தான் நினைப்பேன். அந்தப் படித்தவர்களை நான் நினைத்ததே இல்லை. என் முழங்கை வரைக்கும் தெரிந்திருந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

"சாமி, உள்ள வாங்க," என்றேன். "தங்கச்சி, நீயும் வா."

புல்லை எல்லாம் வாரிக் கீழே போட்டேன். அந்த இடுக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் திறந்து கிடந்தது. குடிலுக்குப் பின்னாலும் போயிருந்தது. அதை நானும் அப்போதுதான் பார்த்தேன். ஃபாதர் குனிந்து பார்த்தார். மகள் பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கட்டிலிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்தாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஓடினாள். அவள் வீட்டில் விறகு சரிகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் கத்தினாள். "யக்கா! இங்கயும் இருக்குக்கா! என் கையே போகுதுக்கா!"

திரும்பி வந்து என் வாசலில் நின்றாள். "எப்ப பாத்தீங்க?" என்றாள்.

நான் குனிந்து கீழே கிடந்த புல்லை வாரினேன்.

"ஐயா வந்தப்பவே தெரியுமா? நான் ஒங்க பேச்சை வச்சித்தானே சொன்னேன். எம்புள்ளைக ரெண்டும் அந்தச் சொவருக்குப் பக்கத்துலதானே படுத்துச்சிக."

ஃபாதர் போன் எடுத்துக் கிராம சேவகர் ஐயாவிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் லயத்தில் இருந்த எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். குடிலை அப்படியே விட்டுவிட்டேன். பாலனைக்கூட எடுக்கவில்லை. பிள்ளையைப் பெரிய சால்வையில் சுற்றி நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். மழையில் பாதை வழுக்கியது. விழுந்துவிடுவேனோ என்று ஒவ்வொரு அடிக்கும் பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா காரில் பள்ளிக்கூடத்துக்கே வந்தார்கள். தரையில் பாய் போட்டிருந்ததைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. மகள் அவர்களிடம் எல்லாம் சொல்லியிருந்தாள்.

"வெடிப்புன்னு தெரிஞ்சே எங்க பேத்தியை அதுக்குப் பக்கத்துல படுக்கப் போட்டிருந்தீங்களா சம்பந்தி?" என்றார்கள். திட்டவில்லை. நான் ஏசுவார்கள் என்று எதற்கு நினைத்தேனோ அதற்கு ஏசவில்லை. மகளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை பத்து மணி போல மேடு இறங்கியது. மேலே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கத்தினார்கள். கடைசி இரண்டு வீட்டின் பின்சுவரும் உள்ளே விழுந்து, காம்பரா முழுக்க மண். கட்டில் கிடந்த இடத்தில் கட்டில் தெரியவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "அக்கா சொன்னதாலதான் எல்லாரும் பொழச்சோம்," என்று மற்ற வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் சொல்லவில்லை. இப்போது என்னோடு பேசுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் அதை மட்டும் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் சரி.

இதைப் பார்த்துச் சரி பண்ணுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேதாகமத்தில் இருப்பதை ஃபாதர் சொன்னபடி எழுதினேனா என்று பாருங்கள், எனக்கு வார்த்தை மாறியிருக்கும். அதை விட முக்கியம் இன்னொன்று. கிராம சேவகர் ஐயா எங்கள் லயத்துக்கு வந்தது கிறிஸ்மஸ் கழிந்து நாலாம் நாளா ஐந்தாம் நாளா என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. அவர் புத்தகத்தில் இருக்கும். கேட்டுப் பார்த்து, அன்றிலிருந்து சனிக்கிழமை வரைக்கும் நான் எத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்தேன் என்று சரியாக எழுதிப் போடுங்கள். வயசானவள் என்று பார்த்து ஒரு நாளைக்கூடக் குறைக்க வேண்டாம்.