பட்ருல் இப்போது கேட்கும் கேசட்

மழைக்குப் பேர்போன மலேசிய ஊரான தைப்பிங்கில் மழை இல்லாத வெள்ளிக்கிழமைகூட வரலாம். பட்ருல் கேசட் படம் போடாத வெள்ளிக்கிழமை வராது. வாலிபம் முழுவதையும் மரம் அறுக்கும் ஆலையில் தொலைத்தவர் அவர். முன்தலை வழுக்கை. பின்னால் மிச்சமிருப்பதை நீளமாக வளர்த்து ரப்பர் பேண்டு போட்டிருப்பார். ராக் பைத்தியங்களே அப்படித்தான், மானம் போனாலும் கொண்டையை விடமாட்டார்கள்.

எண்பதுகளின் ராக் பாட்டுக்கென்று அவருக்கும் கூட்டாளிகளுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கிட்டார் உறும வேண்டும், ஆனால் மெட்டு நெஞ்சைப் பிசைய வேண்டும், அதுதான் இவர்கள் ரகம். வெள்ளி சாயங்காலம் ஆளாளுக்கு அப்போது கேட்கும் கேசட்டை, டெக்கில் ஓடும்போதே படம் பிடித்துப் போடுவார்கள். அப்புறம் சாப்பாட்டு நேரம் வரை சண்டைதான்.

ஒரு சனிக்கிழமை காலையில் சூலோங் வந்து நின்றான். லாரி ஓட்டுபவன், பட்ருலோடு பள்ளிக்கூடத்திலிருந்தே கேசட் மாற்றிக்கொள்பவன். பட்ருலின் மனைவி மஸ்னா வைத்த காப்பியைத் தொடவே இல்லை.

"எங்க படத்துல எல்லாம் நாடா பாதி அந்தப் பக்கம் போயிருக்கு. உன் படத்துல மட்டும் மொத்தமும் இடது உருளையிலேயே உட்கார்ந்திருக்கு. ஒழுங்கா சுத்தி வெச்சு, படம் எடுத்து, மூடி வெச்சிடறே. பாட்டே கேட்கறதில்ல, அப்படித்தானே?" என்று கத்தினான்.

பட்ருல் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதைத் தொட்டுக் காட்டினார்.

"ரம்பம் தின்னுடுச்சுடா. யார்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா பாவம் பார்த்துக் குழுவுல வெச்சிருப்பாங்க. அதுக்கு நானே விலகிடலாம்."

"காதுக்கு மெஷின் வாங்கியாச்சு. அலமாரியில தூங்குது," என்று மஸ்னா போட்டு உடைத்தாள்.

"அதைப் போட்டா கிட்டார் தகர டப்பாவை ஆணியால கீறுற மாதிரி இருக்கு."

"வாங்கின இடத்துல இதைச் சொன்னியா?" என்றான் சூலோங்.

"பேச்சு கேட்குதான்னு கேட்டாங்க. கேட்குதுன்னேன்."

"அடப்பாவி, பாட்டு?"

"இந்த வயசுல ராக் கேட்கணும்னு எப்படிடா வாயத் திறக்கறது?"

சூலோங்குக்கு வந்த கோபத்தில் காப்பியை ஒரே மூச்சில் குடித்தான்.

திங்கட்கிழமை இருவரும் கையடக்க கேசட் பிளேயரோடு மெஷின் வாங்கிய காது கிளினிக்குக்குப் போனார்கள். அங்கிருந்த இளம்பெண் சிரிக்கவில்லை; பெரியவர்களைக் கூப்பிடும் மலாய் வழக்கப்படி 'பாக்சிக்' என்றே அழைத்தாள். "பேச்சுக்குன்னு அமைச்சது, பாக்சிக். பாட்டுக்குத் தனியா மாத்தலாம். முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். "இப்ப போடுங்க."

முதலில் டிரம்ஸ் வந்தது. பிறகு கிட்டார், கீறலில்லாமல், தன் முழு உடம்போடு. பட்ருலுக்குக் கண் கலங்கியது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் பாடகன் குரல் மேலே ஏறிய இடத்தில் சட்டென்று ஒன்றுமில்லை.

"அந்த உச்சம் மட்டும் இனி வராது, பாக்சிக். போனது போனதுதான்."

சூலோங் தரையைப் பார்த்தான். பட்ருலோ கண்ணை மூடி, அந்த உச்சத்தைத் தாமே பாடத் தொடங்கினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், சுருதி எங்கயோ போகுது!"

"எனக்குக் கேட்கல. உனக்கென்ன?"

அந்த வெள்ளிக்கிழமை அவர் படத்தோடு உண்மையையும் போட்டார். "இப்போ கேட்கிறது இது. என் காது பாதி போயிடுச்சு. ரெண்டாவது சரணம் முடிஞ்சு குரல் மேல போகுமே, அது எனக்குக் கேட்கல. அங்க என்ன நடக்குதுன்னு யாராவது எழுதுங்க."

முதலில் ஒருவர், குரல் அங்கே லேசாக உடைகிறது, அழுகையை அடக்குகிற மாதிரி என்று எழுதினார். உடையவே இல்லை, உன் டெக்கைத் துடை என்று இன்னொருவர் பாய்ந்தார். அது குரலே இல்லை, பாதிக்கு மேல் கிட்டார்தான் என்று மூன்றாவது ஆள் பற்றவைத்தார். ஆளாளுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு எழுதினார்கள், திட்டினார்கள். பாவம் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

மஸ்னா சாப்பிடக் கூப்பிட்டாள். மெஷின் காதில்தான் இருந்தது, நன்றாகவே கேட்டது.

"இரு, வர்றேன். இன்னும் முடிவாகல," என்றார் பட்ருல்.