கம்பத்தில் வைத்த கை

சென்னை மெட்ரோ நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். நகக்கண்களில் கழுவினாலும் போகாத வெள்ளிப்பூச்சு. டிக்கெட்டைக் காட்டியதும் தானியங்கிக் கதவு திறந்தது. அவரோ செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்து இரும்புக் கம்பத்தில் உள்ளங்கையை வைத்து நின்றார். அதற்குள் கதவு மூடிக்கொண்டது.

"ஏம்மா, இதென்ன கோயிலா, கும்பிட்டு நிக்க?" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். "கோவிச்சுக்கிராதீக தம்பி. சிவகாசிப் பக்கம் வெடி ஆலையில வேலை. மருந்து ரூமுக்குப் போறதுக்கு முந்தி செருப்பக் கழட்டிட்டு, வாசல்ல இருக்க செம்புத் தகட்டத் தொடணும். இல்லன்னா ஒடம்புல இருக்க கரண்டே தீப்பிடிக்க வச்சிரும். முப்பது வருசப் பழக்கம், கை தன்னால போயிருது."

காவலர் வந்து பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். நுழையும்போது அந்த அம்மா சிரித்தார். "எங்க போர்மேனும் தீவாளி சீசன் அவசரத்துல இதையேதான் கேப்பாரு, இதென்ன கோயிலான்னு. உங்களுக்கு எந்த ஊரு?"

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் போர்மேன்தான். தகட்டின் முன் நின்ற எத்தனையோ பெண்களை இதே வார்த்தை சொல்லி உள்ளே விரட்டியிருக்கிறேன்.

"மதுரை" என்றேன்.