ஏழு போனும் ஒரு பரீட்சையும்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் பாதுகாப்பு அதிகாரியின் வாயில் நான் குத்தியது கோபத்தில் மட்டும் இல்லை, பயத்திலும்தான்.

கப்பல்துறைப் பக்கம் பெரிய களஞ்சியம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தோம். கட்டிடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களால் சாரம் கட்டுவதும் கழற்றுவதும் என் ஆட்கள் ஏழு பேரின் வேலை. நான் அவர்களுக்குப் பாஸ். உயரத்தில் ஏறுகிற ஒவ்வொருவனும் போனில் பயிற்சி வீடியோ பார்த்து, கேள்விகளுக்குப் பதில் போட்டுத் தேற வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

படிவம், கடுதாசி எது வந்தாலும் பாஸ் பார்த்துக்கொள்வார் என்பது எங்கள் கூட்டத்து வழக்கம். மத்தியானச் சோற்று நேரத்தில் ஏழு போனையும் வாங்கிக்கொண்டு சீமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்தேன். ஒரு போனில் வீடியோவைப் பார்த்தேன், ஏழிலும் பதில் தட்டினேன். எல்லாருக்கும் நூறு. "பாஸ் இருக்க எங்களுக்கென்ன படிப்பு!" என்று பகிடி விட்டார்கள். வெட்கங்கெட்ட எனக்குப் பெருமை வேறு.

கழற்றுகிற குழாயிலேயே இடுப்புப் பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கியை மாட்டலாமா என்று ஒரு கேள்வி. ஏழு தரமும் "கூடாது" என்று தட்டினேன். வாயைத் திறந்து ஒருவனுக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாரம் கழற்றும்போது ஏழு பேரில் கட்டைபறிச்சான் ஊர்க்காரன் விழுந்தான். வயல் வேலை இல்லாத காலத்தில் புதிதாக எங்களோடு சேர்ந்தவன். குழாயோடு சேர்ந்தே வந்தான். நடுவில் பலகையில் மோதிக் கம்பிக் குவியலில் விழ, குழாய் அவன் முகத்தில் அடித்தது. தாடை பிளந்து பற்கள் மண்ணில் கிடந்தன. ஒரு கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. கொக்கி அந்தக் குழாயிலேதான் பூட்டியிருந்தது.

இரத்தம் காய முன்னமே அதிகாரி வந்து போனை நீட்டினார். "இஞ்ச பாருங்கோ, நூறு எடுத்திருக்கிறார். தெரிஞ்சுகொண்டு விட்ட பிழை."

குத்தினேன். உதடு கிழிந்து விழுந்தவரைக் காலாலும் உதைத்தேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். என் விசுவாசத்தை எல்லாரும் மெச்சினார்கள். சீ!

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால் அவனுக்குக் கதைக்க ஏலாது. கட்டிலடியில் மனைவி நின்றாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணன், இவர் எல்லாத்துக்கும் சரியா எழுதினவராமே? அப்ப தெரிஞ்சுகொண்டே சாகப் பார்த்தவரோ? அண்டைக்குக் காலையில நான் சண்டை பிடிச்சனான். வாய்க்கு வந்தபடி ஏசினனான். அதாலதானோ?"

அவன் தலையை அசைக்கப் பார்த்தான். வலியில் கண்ணீர்தான் வந்தது.

"இல்லை தங்கச்சி," என்றேன். "அவன் எழுதேல்ல. நான்தான் எழுதினனான். அந்தக் கேள்வியை அவன் கண்ணாலயும் காணேல்ல."

அவள் கையில் வெந்நீர்ப் போத்தல் இருந்தது. அதாலேயே என் நெற்றியில் அடித்தாள். தோல் பிளந்தது. அதே இடத்தில் திரும்பவும் அடித்தாள். நான் கையைத் தூக்கவில்லை. தாதி ஓடிவந்து பிடித்த பிறகுதான் விட்டாள்.

"ரெண்டு நாளா நான் செத்துக்கொண்டிருக்கிறன்!" என்று கத்தினாள். "போய் அங்க சொல்லுங்கோ!"

போனேன். சட்டையெல்லாம் இரத்தம். என்னைக் கண்டதும் அதிகாரி கதிரையோடு பின்னால் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அடிக்க வரேல்ல," என்றேன். "அந்தப் பரீட்சை எழுதினது நான். பிழையை என்ர பேரில எழுதுங்கோ."