கறுப்பு மையில் ஒரு பொங்கல் வாழ்த்து

குரும்பலூரிலிருந்து பெரம்பலூர் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். பெண்களுக்குக் காசு கிடையாது, சும்மா கொடுக்கிற சீட்டு. அதை வாங்க என் வலது கை எழும்பவில்லை. யாரோ இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன பை மாதிரி மடியில் கிடந்தது.

கண்டக்டர் சிரித்தார். அவரிடம் நான் வாய் கொடுக்காத நாள் கிடையாது. ஓசி டிக்கெட்டைக் கையிலும் திணிக்க வேண்டுமா என்று கேட்டார். பதிலுக்கு ஒன்று சொன்னேன். என் மனசுக்குள் அது நல்ல பதில்தான். வெளியே வந்தது வெறும் குழறல். அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

பக்கத்தில் என் மருமகள் கவிதா உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. முந்தின வாரம்தான் எதிர்வீட்டுக்காரி பேசுகிற மாதிரி வாயைக் கோணி அவளுக்குக் காட்டியிருந்தேன். அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் வலது கால் செருப்பு பஸ்ஸிலேயே தங்கிவிட்டது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் கவிதாவின் முகம் மாறியது. பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை, ஆட்டோவைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

சிரிப்புக் காட்டுகிறவர்களுக்கு இந்த நோய் வந்தால் இப்படி ஒரு தொல்லை உண்டு. உங்கள் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருக்கலாம். வாய் ஒரு பக்கம் இழுத்து, பேச்சு குழறி, ஒரு கை தூக்க வராவிட்டால், விளையாட்டா நிஜமா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். முதல் சில மணி நேரத்துக்குள் போனால் மருந்து ஏற்றுகிறார்கள். விளையாட்டாக இருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத் திட்டிக்கொள்ளலாம்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஸ்ட்ரோக் என்றார் (மூளைக்குப் போகிற ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு கை கால் விழுந்துவிடுவது). மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, அதனால் உடம்பின் வலது பக்கம் விழுந்திருக்கிறது என்று விளக்கினார். மேலிருந்து கீழே வருவதற்குள் பக்கம் மாறிவிடுமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இதெல்லாம் புதிது.

கால் சீக்கிரம் சொன்னபடி கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போய் வந்தேன். பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. கைதான் முரண்டு பிடித்தது. வீட்டுக்கு வந்த பிறகு விரல்கள் மடங்கிக்கொண்டு விரிய மறுத்தன. அதற்கு ஸ்பாஸ்டிசிட்டி என்று பெயர் (தசை முறுக்கிக்கொண்டு இறுகிப் போவது). மூடிய கைக்குள் ஏதோ வைத்திருக்கிறேன் என்று நினைத்துப் பேத்தி விரலைப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை என்றதும் கோபித்துக்கொண்டு போனாள்.

சாப்பாடு கஷ்டமாக இருந்தது. முதலில் கவிதா ஊட்டினாள். பிறகு இடது கையில் ஸ்பூன் கொடுத்தார்கள். இடது கையை எதற்கெல்லாம் வைத்துக்கொள்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையை வாய்க்குக் கொண்டுவர எனக்கு ஆகவில்லை. பசிக்கு ஆனது, மனசுக்கு ஆகவில்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, யாரும் வருவதற்குள் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். கல்யாணம், காதுகுத்து என்று வந்த அழைப்புகளுக்கு மகனை மட்டும் அனுப்பினேன். போனால் பந்தியில் உட்காரச் சொல்வார்கள்.

அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். சோத்தைப் பிசைஞ்சு, என் வலது கையால, நாலு பேரு நடுவுல உக்காந்து சாப்புட முடியுமா?

அவர் சுற்றி வளைக்கவில்லை. "மொதல் சில மாசத்துல வர்றதுதாம்மா பெரும்பாலும். அதுக்கப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா. கையை வேலை வாங்கிக்கிட்டே இருங்க."

கையை வேலை வாங்க வந்தவர் பஷீர். லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளை, பிசியோதெரபி (மருந்தில்லாமல் பயிற்சியால் கை காலைத் திருப்பிக் கொண்டுவருவது) படித்தவர். பந்தை அமுக்கச் சொன்னார், கிளிப்பை எடுத்துக் கயிற்றில் மாட்டச் சொன்னார். மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன். துணியே இல்லாத கொடிக்குக் கிளிப் எதற்கு என்று கேட்டேன். அவர் கவிதாவின் மேசையைப் பார்த்தார்.

கவிதா வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை செய்கிறாள். பூப்போட்ட, கோடு போட்ட டிசைன் பேப்பர்களை அளவாக வெட்டி அட்டையில் ஒட்டுவாள். நடுவில் ரப்பர் ஸ்டாம்பால் மயில், மலர், பிறை என்று குத்துவாள். பஷீரின் ஊர்ப் பெண்கள் துபாயில் இருக்கிற வீட்டுக்காரர்களுக்குப் பெருநாள் வாழ்த்து இவளிடம்தான் வாங்குகிறார்கள். போனில் அனுப்புகிற பூவைப் பார்த்ததும் அழித்துவிடுகிறார்கள், அட்டையை அழிக்க முடியாது என்று ஒருத்தி சொன்னாளாம்.

பஷீர் கட்டை வைத்த ஒரு ஸ்டாம்பை எடுத்து என் உள்ளங்கைக்குள் வைத்தார். ஐந்து விரலும் கூடித்தான் அதைப் பிடிக்க முடியும். நேரா இறக்குங்க, அழுத்துங்க, ஆட்டாமத் தூக்குங்க என்றார். சோற்றை அள்ளுவதற்கும் விரல் இப்படித்தானே கூட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கே பட்டது. அன்றிலிருந்து நான் கிளிப்பைத் தொடவில்லை.

பச்சை, சிவப்பு மை வேண்டாம், கறுப்பு மையிலேயே குத்தச் சொன்னார் பஷீர். வெளிர் நிறத்தில் கை செய்கிற திருட்டுத்தனம் தெரியாது. கறுப்பில் எந்த விரல் அழுத்தவில்லை என்று பளிச்சென்று தெரிந்துவிடும். கவிதா தன் பங்குக்கு நல்ல பேப்பரையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டாள். யாரும் வாங்காமல் கிடந்த கறுப்புக் கட்டம் போட்ட பேப்பரை எனக்கென்று ஒதுக்கினாள். ஆக, ஓரத்தில் கறுப்புக் கட்டம், நடுவில் கறுப்பு மை. மயில் கழுத்தில்லாமல் விழுந்தது. சூரியன் பிறையாக விழுந்தது. பஷீர் அதைப் பார்த்துவிட்டு, எங்க பக்கத்து ஆர்டருக்கு ஆச்சும்மா என்றார்.

கார்த்திகை, மார்கழி இரண்டும் இப்படியே போனது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில் வழிக்கு வந்தன. மற்ற மூன்றும் கூப்பிட்ட பிறகு யோசித்து வந்தன. பொங்கல் நெருங்கியபோது ஒரு பானை முழுசாக விழுந்தது. பக்கத்தில் குத்திய கரும்பு மட்டும் அடிக்கட்டையோடு நின்றுவிட்டது, மேலே ஏறவில்லை. இருந்தாலும் பானை பானைதான். அதை என் தம்பி கலியபெருமாளுக்கு அனுப்ப நினைத்தேன்.

கலியபெருமாள் ஜெயங்கொண்டம் பக்கம் எங்கள் பிறந்த வீட்டில் இருக்கிறான். என் மகன் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் அச்சாகாமல் விட்டுப்போனது. அச்சுக்கூடத்தில் விட்டதுதான், ஆனால் அவன் நம்பவில்லை. அன்றிலிருந்து பேச்சு கிடையாது, போன் கிடையாது, பொங்கல் சீரும் கிடையாது. நான் ஆஸ்பத்திரியில் கிடந்த சேதி அவனுக்குப் போயிருக்கிறது. வரவில்லை. இப்போது ஒரு அட்டை போகட்டும், அதில் ஒரு எழுத்தும், யார் பெயரும் இல்லாமல் போகட்டும் என்று எனக்கு ஒரு குறும்பு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என் வலது கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தேன். உறை தீர்ந்திருந்ததால், பின்பக்கம் அவன் விலாசமும் ஓரத்தில் எங்கள் வீட்டு விலாசமும் எழுதி, தபால்தலை ஒட்டி, அப்படியே பெட்டியில் போட்டாள் கவிதா.

எங்கள் வீட்டில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இரண்டு மாதமாகக் கறுப்பிலேயே புழங்கி எங்கள் கண்ணுக்கு அது பழகிவிட்டது.

போகிக்கு முந்தின நாள் காலை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து குத்திக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒப்பாரி கேட்டது. யார் வீட்டில் என்று எட்டிப் பார்த்தேன். என் தம்பி பெண்டாட்டி பூங்கோதை மார்பில் அடித்துக்கொண்டு வருகிறாள். பின்னால் கலியபெருமாள், ஒரு கையில் ரோஜா மாலை, இன்னொரு கையில் துணிப்பை. செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடிச் சேலை கொண்டுவர வேண்டும். பையில் இருப்பது அதுதான் என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"யாரு பூங்கோத செத்தது?" என்று கேட்டேன்.

ஒப்பாரி பாதியில் நின்றது. கலியபெருமாள் தெருவிலேயே நின்றுவிட்டான். "நீ இருக்கியாக்கா?"

"கொஞ்சம் இருக்கேன். உள்ள வா."

சாவுக்குச் சொல்லி அனுப்பாமல் கருமாதிக்கு மட்டும் கார்டு போட்டுவிட்டார்கள் என்று என் மகனிடம் சண்டைக்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறான். கார்டை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கூரையில் செருகிவிட்டு, தலை முழுகிவிட்டு, கிளம்பும்போது மறுபடி உருவி எடுத்து வந்திருக்கிறான். சட்டைப் பையிலிருந்து எடுத்து என் முன்னால் நீட்டினான்.

"அப்ப இது என்னா?"

"பொங்கல் வாழ்த்துடா."

"சுத்தியும் கறுப்புக் கட்டம். நடுவுல கொள்ளிச் சட்டி. இது பொங்கல் வாழ்த்தா?"

"அது பொங்கப் பான."

"பானன்னா பக்கத்துல கரும்பு எங்க?"

"கரும்பு சரியா விழல. கையி அவ்வளவுதான் அழுத்துச்சு."

அவன் கார்டைப் பார்த்தான். பிறகு என் கையைப் பார்த்தான். இந்தக் கையை அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. குரலை ஏற்றினான். "நாலு மூலைக்கு மஞ்சளாச்சும் தடவக் கூடாதா? வெவரம் தெரிஞ்ச பெரிய மனுசி ஒருத்தி இந்த வூட்டுல இல்லையா?"

"இருந்தா. அவளுக்குத்தான் நீ மால வாங்கிட்டு வந்துட்ட."

பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது, என் கழுத்திலும் போடக் கூடாது. மகன் அதை ஏரியில் விட்டுவிட்டு வந்தான். சேலையையும் விடச் சொன்னார்கள். நான் விடவில்லை. சீர் வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று, வந்ததை ஏரிக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. பூங்கோதை மஞ்சளைக் குழைத்துச் சேலையின் நாலு மூலைக்கும் தடவினாள். கையோடு கார்டுக்கும் தடவினாள். அதோடு சேலை கோடியாக இல்லாமல் சீராகிவிட்டது.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வயிறோடு வந்திருந்தார்கள். கவிதா மொச்சைக் குழம்பு வைத்தாள். கூடத்தில் இலை போட்டார்கள். நான் வழக்கம்போல அடுப்படிக்கு நகர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், பூங்கோதை கலியபெருமாள் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. கவிதா கையில் ஸ்பூனோடு நின்றாள், என்னைப் பார்த்துவிட்டு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

உட்கார்ந்தேன். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. விரலைக் கூட்டினேன். இரண்டு வந்தன, மூன்றும் யோசித்தன. முதல் பிடி பாதி வழியில் மடியில் விழுந்தது. மொச்சைக் கொட்டை வழுக்கிக்கொண்டு தம்பி இலைக்கே போய்விட்டது. அவன் தன் இலையில் ஒரு உருண்டை பிடித்து என் வாய்ப் பக்கம் கொண்டுவந்தான்.

"கோடி தூக்கிட்டு வந்த கையால எனக்கு ஊட்டாத" என்றேன்.

உருண்டையை அவனே தின்றான்.

நேராக இறக்கினேன். அழுத்தினேன். ஆட்டாமல் தூக்கினேன். இரண்டாவது பிடியில் வாய்க்குள் போனது கொஞ்சம், போகாதது நிறைய. மூன்றாவதில் பரவாயில்லை. முன்பெல்லாம் நான் தின்று, கை கழுவி, மிச்சத்தை நாய்க்குப் போட்டுவிட்டு வருகிற நேரம் இப்போது நாலு பிடிக்குத்தான் சரியாக இருந்தது. ஒவ்வொரு பிடியையும் இலையிலிருந்து வாய் வரை கூடவே போய் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அது தானாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். பந்தியில் ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மற்றவர் எழக் கூடாது. அடுப்படியில் தனியாகத் தின்ற மாதங்களில் எனக்கு இது மறந்துபோயிருந்தது. கலியபெருமாள் மோர் கேட்டான். டம்ளரில் ஊற்றினார்கள். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். அவனுக்கு மோர் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. மூன்றாவது தடவையும் கேட்டான். என் மகன் இலையில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தான். நானும் அவசரப்படவில்லை.

எல்லோர் கையும் காய்ந்துவிட்டது. என் கை மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது.