முன் சீட்டு

போன சனிக்கிழமை சாயங்காலம், இரணியலில் என் அக்கா வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. முன் சீட்டிலிருந்து இறங்கியவர் புதுக்கடை ஊர்க்கார அம்மா... அக்கா மகள் ஷைனிக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அம்மா. பின் சீட்டில் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும். நம்ம ஊர் ரோட்டின் லட்சணம் அப்படி! மகன் குவைத்தில் இருப்பதால், வெளியே கிளம்ப வேண்டுமென்றால் போன் போட்டு ஓர் ஆக்டிங் டிரைவரை வரவழைப்பார். அன்றைக்கு வந்தவர் புது ஆள்.

வந்த காரியம்? கல்யாணம் வேண்டாம் என்று சொல்ல.

ஷைனி தேசிய கார் ராலியில் நேவிகேட்டர். ஓட்டுவது கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன். பக்கத்து சீட்டில் இவள். அடுத்த வளைவு எப்படித் திரும்பும், மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வருவாள். அவள் சொல்லை நம்பித்தான் அவன் ஆக்ஸிலேட்டரை மிதிப்பான். ஒரு வார்த்தை பிந்தினால் இரண்டு பேரும் பள்ளத்தில்தான். இந்த வருஷம் புள்ளிப் பட்டியலில் இவர்கள்தான் முதலில் இருந்தார்கள். பாக்கி கடைசிச் சுற்று மட்டும்.

அதற்குள் சர்ச்சில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் மூன்று ஞாயிறு வாசிப்பார். இரண்டு ஞாயிறு ஆயிற்று. சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதற்குத் திறக்க வேண்டும்... வாட்ஸ்அப் இருக்கிறதே! காருக்குள் ஹெல்மெட்டோடு ஷைனியும் அந்தப் பையனும் இருக்கும் போட்டோ புதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

மூன்றாவது ஓலையை நிறுத்திவைக்கச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். கூடவே நிபந்தனையும் வந்தது: கடைசிச் சுற்றுக்குப் பெண் போகக் கூடாது.

அத்தான் மகளிடம் கெஞ்சினார், அழுதார். ஷைனி அந்தப் பையனுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்லிவிட்டாள். அவன் வேறொருவரை உட்காரவைத்துக்கொண்டு போனான். ஜெயித்தான். இப்போது அவனுக்கும் பெண் பார்க்கிறார்களாம். சாம்பியன் என்றதும் வரன்கள் வந்து குவிகின்றனவாம்! அதே கார், அதே ரோடு, அதே போட்டோ.

யோசித்துப் பாருங்கள்... பார்த்துப் போங்க, லாரி வருது, பைய திருப்புங்க என்று காலமெல்லாம் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாம் செய்வதும் இதைத்தானே? அதற்கு இல்லாத கெட்ட பெயர் ஹெல்மெட் போட்டால் மட்டும் எங்கிருந்து வருகிறது?

இத்தனையும் விட்டுக்கொடுத்த பிறகுதான் அந்த அம்மா வந்தார். நான் போட்டுக்கொடுத்த டீயைத் தொடவில்லை.

“பிள்ள நல்ல பிள்ளதான். ஆனா அந்நிய ஆம்பள கூட முன் சீட்டுல இருந்து ஊரு சுத்துன பிள்ளைய நாங்க எப்பிடி எடுக்கியது? ஆளுவ ஒரு மாதிரி பேசுகாவ.”

அத்தான் தலை குனிந்துகொண்டார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று எழுந்தேன். ஷைனி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

வழியனுப்ப அவளே கார் வரைக்கும் போனாள். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன். அந்த அம்மா வழக்கம்போல நேரே முன் கதவுக்குப் போனார். ஷைனி அதைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

“இரிங்க மாமி. டிரைவர் புது ஆளுல்லா... வழி சொல்லணும்.”

அந்த அம்மா டிரைவரைப் பார்த்தார், ஷைனியைப் பார்த்தார். பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார்.

புதுக்கடை போய்ச் சேருவதற்குள் கண்டிப்பாக வாந்தி எடுத்திருப்பார். எடுக்கட்டும்.