ஒற்றைக்கொம்பனைப் பார்த்ததாக நான் எழுதியது

ஐம்பதுகளின் கடைசியில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு காட்டுவிலங்கு ஆராய்ச்சியாளரிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். மாதக்கணக்கில் யானைகளின் பின்னால் அலைகிற மனிதர். சிகரெட் அட்டை, பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு என்று கையில் அகப்பட்டதிலெல்லாம் கிறுக்கிக்கொண்டு வருவார். அதையெல்லாம் அவரே உட்கார்ந்து எழுதியதைப் போல, "நான்", "நான்" என்று ஒழுங்கான இங்கிலீஷில் அறிக்கையாக்குவது என் வேலை. அதற்கு முன்னால் சிவாஜிநகரில் ஒரு வக்கீலிடம் மனு அடித்துக்கொண்டிருந்தவள் நான்.

ஒருமுறை வலது கையில் மாவுக்கட்டோடு காட்டிலிருந்து திரும்பினார். காட்டோரக் கிராமம் ஒன்றில் குடிசைகள் இடிந்து கிடந்தனவாம். ஒற்றைக்கொம்பன் என்று பேர்பெற்ற ஒரு கிழட்டு ஆண் யானையின் மேல் ஊரே பழி சொன்னது. அதைச் சுட்டுவிடலாமா என்று முடிவு செய்ய, வன அதிகாரி இவருடைய அறிக்கையைத்தான் கேட்டிருந்தார்.

அட்டைகளை வரிசையாக வைத்துப் படித்தேன். எரிச்சலாக வந்தது. "பெரிய காலடி. ஒற்றைக்கொம்பனோ? பார்க்கவில்லை." "இருக்கலாம்." "சொல்ல முடியாது." என்ன மனுஷன் இவர், ஒன்றையாவது உறுதியாகச் சொல்லமாட்டாரா! வக்கீல் ஆபீஸில் "இருக்கலாம்" என்று ஒரு மனு போனால் கேஸ் அன்றைக்கே கோவிந்தா. கட்சிக்காரர் மென்று முழுங்குவதையெல்லாம் நாங்கள் அடித்துச் சொல்வதாக மாற்றித்தான் தாக்கல் செய்வோம். அங்கே அதுதான் கெட்டிக்காரத்தனம். இங்கேயும் அப்படியே செய்தேன். "ஒற்றைக்கொம்பன் குடிசைகளை இடிப்பதை நான் என் கண்ணால் பார்த்தேன்" என்று அடித்து முடித்தபோது எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை வன அலுவலகப் பியூன் வாசலில் நின்று அவசரப்படுத்தினான். சார் படிக்காமலே இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அப்புறம் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு, "கார்பன் காப்பியப் படிம்மா, கேப்போம்" என்றார்.

பெருமையாகப் படித்தேன். அந்த வரி வந்ததும் டம்ளரை வைத்துவிட்டார்.

"நான் எங்கம்மா பார்த்தேன்?"

"நீங்கதானே சார், காலடின்னு..."

"காலடியத்தான் பார்த்தேன். அது எந்த யானைன்னு எனக்கே தெரியாது. ஐயோ, இத வெச்சு சுட்டுடுவாங்கம்மா!"

அட்டைகளைக் கைப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினேன், சாரும் கூடவே வந்தார். தெருவில் போன ஜட்காவை நிறுத்தி ஏறினோம். வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதிகாரியின் மேஜையில் என் அறிக்கை பிரித்துக் கிடந்தது. பக்கத்திலேயே சுடுவதற்கான உத்தரவு, கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. சார் விஷயத்தைச் சொன்னதும் அதிகாரி கன்னடத்தில் எரிந்து விழுந்தார். பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்போது யானைமேல் பரிதாபப்பட்டு மாற்றிப் பேசுகிறீர்களா என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கொட்டித் தீர்த்தேன். அந்த வரியை எழுதியது அவரில்லை, நான். வக்கீல் ஆபீஸ் பழக்கம். அவர் எழுதியது இதோ என்று அட்டைகளை மேஜைமேல் பரப்பினேன். அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த டைப்ரைட்டரைக் காட்டினார்.

அங்கேயே உட்கார்ந்து மறுபடி அடித்தேன். "எந்த யானை குடிசையை இடித்ததையும் நான் பார்க்கவில்லை. காலடி பெரியது. அது எந்த யானையுடையது என்று எனக்குத் தெரியாது." இத்தனை "தெரியாது" ஒரே தாளில் என் வாழ்நாளில் அடித்ததில்லை.

அதிகாரி படித்து முடித்து, அப்படியானால் எதுதான் இடித்தது என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் சார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அதிகாரி உத்தரவை எடுத்து இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அப்பாடா! வராந்தாவுக்கு வந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. கூடவே சிரிப்பும் வந்தது.

"வேலை போயிடும்னு பயந்துட்டியாம்மா?" என்றார் சார்.

"வேலை கெடக்குது சார். அது பொழச்சிடுச்சே!" என்றேன். அதுவரை காட்டு யானை ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை.