ஒஸ்வால்ட் அனுப்பிய இடம்

மட்டக்குளிக் கரையில் ஒஸ்வால்டின் போட் மட்டும் வலை ஏற்றாமல் போகும். அவரும் மைத்துனர் நோபேட்டும் தூண்டில்காரர். கொட்டாஞ்சேனை லூசியா கோயில் கோபுரமும் துறைமுகத்துக் கிரேன் ஒன்றும் நேர்க்கோட்டில் வரும் இடத்தில், கடலுக்கடியில் ஒரு கற்பார், மீன் அடையும் பாறைத்திட்டு. கலவாயும் விளைமீனும் அதன் இடுக்குகளில் பெருகின. அந்த இடம் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மீன் சினைபிடிக்கும் காலத்தில் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை சுமப்பார்கள்.

"உங்கட மீனுக்குப் பிரசவ லீவு முடிஞ்சிட்டுதா அங்கிள்?" என்று அதே கரையில் தொழில் செய்யும் மெல்ரோய் கேலி செய்வான். அவனுடையது சின்னக் கண்ணி வலை, குஞ்சும் தப்பாது.

சினைக்காலத்துக்கு முன் கடைசித் தடவையாகப் பாருக்குப் போன காலை, நோபேட் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். எஞ்சின் கயிற்றை இழுத்து இழுத்து ஒஸ்வால்டின் உள்ளங்கை உரிந்தது. எஞ்சின் பிடிக்கவில்லை. ஃபோனை எடுத்தார். கரைக்காரர்களின் வட்ஸ்அப் குரூப்புக்கு, நிற்கும் இடத்தை அனுப்ப வேண்டும்.

நோபேட்டுக்கு விளங்கிவிட்டது.

"அனுப்பாத மச்சான். இடம் தெரிஞ்சாப் பிறகு பார் மிஞ்சாது."

"நீ மிஞ்சினாப் போதும். வாய மூடிக்கொண்டு கிட."

"ரெண்டும் மிஞ்சாட்டி?"

ஒஸ்வால்ட் அனுப்பினார்.

முதலில் வந்தவன் மெல்ரோய். நோபேட்டைத் தன் போட்டில் ஏற்றி மடியில் கிடத்திக்கொண்டு, ஓட்டியவனை விரட்டச் சொன்னான். கரை தெரிந்தபோது நோபேட்டின் மூச்சு நின்றிருந்தது. சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தவனும் அவன்தான்.

அடக்கம் முடிந்த கிழமையே பாரின் மேல் வலைகள் இறங்கின. ஒஸ்வால்ட் மெல்ரோயிடம் போனார்.

"தம்பி, சினைக்காலம் முடியுமட்டும் பாரை விட்டு வை."

"நான் விட்டா மற்றவன் அள்ளுவான் அங்கிள். இடம் குரூப்பில எல்லாரிட்டயும் கிடக்கு."

அவன் பொய் சொல்லவில்லை. நோபேட்டைச் சுமந்த தோள் கண்முன்னால் நின்றது. ஒஸ்வால்ட் ஏசாமலே திரும்பி நடந்தார்.

அடுத்த வருடம் ஒரு காலை, தனியே போய்த் தூண்டிலை இறக்கினார். கல்லில் சிக்கிக் கிழிந்த வலைத்துண்டுதான் கொக்கியில் மாட்டி வந்தது. அதற்குள் அழுகிய குஞ்சுகள். வேறு எதுவும் வரவில்லை.

போட்டை விற்றுவிட்டார். இப்போது வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடியில் செக்யூரிட்டி. காற்று வரட்டும் என்று வாசலில் அவருக்குக் கடலைப் பார்த்தபடி ஒரு கதிரை போட்டிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.